இருபத்தாறு கிலோ கவிதை

வீட்டில் கரண்டு போய்விட்டது. சுகப்பிரியா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு, இன்வெர்ட்டர் இருக்கிற அப்பாவின் அரிசிக்கடைக்கு ஓடினாள். மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். ஜெர்மனியில் ஆராய்ச்சி இடத்துக்கு ஆன்லைனில் நேர்காணல். தேறாவிட்டால் மறுபேச்சில்லாமல் கல்லாவில் உட்காருவதாக அப்பா ஐயாத்துரைக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

ஜெர்மன் மொழியில் வெளுத்து வாங்கினாள். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில் அங்கே மன்னர்களை எதிர்த்துக் கிளம்பிய கவிதைகள் என்றால் அவளுக்கு உயிர். அச்சேறும் முன்பே தணிக்கை அதிகாரி எல்லாவற்றையும் அடித்துத் தள்ளுவான் என்பதுவரை சொல்லியாயிற்று.

அப்போதுதான் நேர்காணல் நடத்திய பேராசிரியை ஒரு பழைய புத்தகத்தைத் திரையில் காட்டினார். அரசனைக் கிழிகிழியென்று கிழிக்கும் கவிதைகள். ஆனால் பக்கத்துக்கு நாலே வரி, அதுவும் கொட்டை எழுத்தில். மீதி வெறும் தாள். இப்படியே முந்நூற்று முப்பது பக்கம்!

"இதைத் தணிக்கை அதிகாரி தொடவே இல்லை. ஏன்?"

சுகப்பிரியா இதை எங்குமே படித்ததில்லை.

கடை வாசலில் மெஸ் நடத்தும் காளீஸ்வரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருபத்தஞ்சு கிலோ கேட்டா, அதென்ன அண்ணாச்சி இருபத்தாறு?"

"இருபத்தஞ்சு கிலோ மூட்டை வரைக்கும் ஜி.எஸ்.டி. வரி உண்டு தாயி. ஒரு கிலோ கூட்டிக் கட்டுனா வரி கெடையாது. அதான் மில்லுலயே இப்படிக் கட்டி அனுப்புறாக" என்றார் ஐயாத்துரை.

சுகப்பிரியா துள்ளி எழுந்தாள். ஸ்டூல் உருண்டது.

"சட்டத்தில் ஏதோ ஓர் அளவு இருந்திருக்கும்! அதைத் தாண்டிய புத்தகத்துக்கு முன்தணிக்கை கிடையாது. தாண்டத்தான் பக்கத்தை ஊதியிருக்கிறார்கள்!"

"அரசாங்கம் ஏன் அப்படி விட்டுவைத்தது?" என்றார் பேராசிரியை.

"தடிப்புத்தகம் விலை கூடுதல். வசதியானவர்கள் வாங்கி அலமாரியில் வைப்பார்கள். அரசாங்கம் பயந்தது ஏழைகளிடம் கைமாறும் சின்னப் புத்தகத்துக்கு!"

"முந்நூற்றிருபது பக்கம்தான் அந்த அளவு. எங்கே படித்தீர்கள்?"

அவள் லேப்டாப்பை மூட்டைகள் பக்கம் திருப்பி விஷயத்தைச் சொன்னாள். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அக்டோபரில் வந்து சேருங்கள்!"

சுகப்பிரியா ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கல்லாவை ஒரு தடவை பார்த்தார்.

"அப்படி என்னத்தம்மா எழுதியிருந்தாக அதுல?"

"ராஜாவ எறங்கச் சொல்லிப்பா."

ஐயாத்துரை காளீஸ்வரி பக்கம் திரும்பினார்.

"இனி இந்த ஒரு கிலோவக் கொற சொல்லாத தாயி. இதுலதான் எம் மக ஜெர்மனிக்குப் போறா."

ஆளைக் கூப்பிடாமல் மூட்டையை அவரே தூக்கி ஆட்டோவில் வைத்தார்.