ஆறு வாளும் பதினெட்டுச் செடியும்

எனக்கு வாளைத் தெரியாது. கத்தியைத் தெரியும். நெல்லியாளம் பக்கத்து எஸ்டேட்டில் நாற்பது வருஷம் தேயிலைக்குக் கவாத்து வெட்டினவன். ரிட்டயர் ஆனதும், எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணு என்று நோட்டீஸ் ஒட்டினார்கள்.

கெடு முடிய ரெண்டு நாள் இருக்கும்போது மேனேஜர் தொரை கமலேஷ் வாள் பார்க்க வரச்சொல்லிக் கூப்பிட்டனுப்பினார். பழைய பங்களாவை டூரிஸ்டுக்கு விட்டிருக்கிறார். அதன் சுவரில் மாட்ட, வெள்ளைக்காரன் குதிரைப்படை வாளைப் பார்த்துச் செய்த ஆறு புது வாளை, கூடலூர் வியாபாரி லூயிஸ் கொண்டுவந்திருந்தான்.

"செல்லையா, சரக்கு தரமான்னு பாரு. உன் வீட்டு விஷயம் அப்புறம் பேசலாம்."

அப்புறம் என்கிற ஆளை நான் நம்புவதில்லை. கிளம்பும்போதே வீட்டுக்காரி தெய்வம்மா சொன்னாள்: "எல்லாம் நல்லதுன்னு சொல்லிட்டு வாங்க. அதை வச்சு யாரு சண்டைக்குப் போறா?"

வாள் வளைவாக, கவாத்துக் கத்தி மாதிரியேதான் இருந்தது. நீளம் ஜாஸ்தி. மொட்டையாக வந்ததைக் கல்லில் தீட்டி, பங்களா வாசல் தேயிலைச் செடியில் இறக்கினேன். வெட்டு சரிவாக விழணும், பட்டை கிழியக் கூடாது. வேறு பரீட்சை எனக்குத் தெரியாது.

முதல் வாளின் பிடி என் கையில் நின்றது. அலகு பறந்துபோய்ப் பூந்தொட்டியில் குத்தி நின்றது. பிடிக்குள் பென்சில் தடிமனில் ஒரு கம்பியை வெல்டு வைத்திருந்தான்.

"அய்யோ சேட்டா!" லூயிஸ் ஓடினான். "இது குதிரைப்படை வாளாக்கும். தேயிலை வெட்டறதுக்கில்ல!"

"குதிரைக்காரன் ஆளை வெட்டினான். செடி திருப்பிக்கூட அடிக்காது. அதையே வெட்டமாட்டேங்குதே உன் வாள்?"

ரெண்டாவது வளைந்தது, வளைந்தபடியே நின்றது. மூணாவது பிடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமன், கடப்பாரைக் கனம். நாலும் அஞ்சும் எவர்சில்வர். தீட்டின கூர் ரெண்டு கிளைக்குத் தாங்கவில்லை.

ஆறாவது துருப்பிடித்துக் கிடந்தது. "அது கழிச்சது சேட்டா, எண்ணிக்கைக்கு வச்சேன்."

துருப் பிடிக்கிற இரும்புதான் கூரும் பிடிக்கும். வீசினேன். நுனிக்குப் போகப்போக மெலிந்த வாள், கை நினைத்த இடத்துக்குப் போனது. கிளை சத்தமில்லாமல் விழுந்தது. நிறுத்த மனசு வரவில்லை. பதினெட்டுச் செடி முடித்துத்தான் நிமிர்ந்தேன்.

"அஞ்சு குப்பை. ஒண்ணுதான் வாள்."

தொரை முகம் கறுத்தது. "சுவத்துல தொங்கற சாமானுக்கு என்னய்யா கூர்? நாளைக்கே வீட்டைக் காலி பண்ணு."

அந்நேரம் பின்னால் கைதட்டு. வராந்தா முழுக்க டூரிஸ்ட், எல்லார் கையிலும் போன். ஒரு அம்மா தொரையிடம் கேட்டாள்: "ஏனுங்க, நாளைக்கு ஷோ எத்தனை மணிக்குங்க?"

தொரை என்னைப் பார்த்தார். வாளைப் பார்த்தார். வெட்டின செடியைப் பார்த்தார்.

"பதினோரு மணிக்குங்க."

ஷோவுக்கு ஒத்துக்கொள்ளும் முன் வீடு எனக்கே என்று எழுதி வாங்கினேன். நான் தமிழையே எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், பேப்பரோ இங்கிலீஷ். தொரை வாசித்ததை நம்பாமல் அந்த அம்மாவை ஒருதரம் வாசிக்கச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் ஷோவுக்கென்று தொரை கொடுத்த, வெள்ளைக்காரச் சிப்பாய் மாதிரிச் சிவப்புக் கோட்டைப் போட்டேன். கக்கத்தில் இறுக்குகிறது.

ஒரு வாரத்தில் பங்களாவைச் சுற்றிச் செடி தீர்ந்துவிட்டது. வெட்டினது துளிர்க்க மாசக்கணக்காகும், டூரிஸ்ட் காத்திருப்பானா? இப்போது அஞ்சு குப்பை வாளுக்கு ஈடாகத் தினம் காலையில் லூயிஸ் வந்து வெட்டின கிளைகளைச் செடியில் திரும்பக் கட்டி வைக்கிறான். அவன் கட்டும் சரியில்லை. நான் வாளை ஓங்கும்போதே விழுகிறது.