அடையாளம் சொல்லுங்க

நேர்முகத் தேர்வில் கேட்கச் சொல்லித் தலைமை அலுவலகம் அனுப்பிய தாளில் இருபது கேள்விகள் இருந்தன. 'நீங்கள் நேர்மையானவரா?', 'பொறுமையாக வேலை செய்வீர்களா?' அடக் கடவுளே, இதற்கு இல்லையென்று சொல்லவா ஒருத்தன் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வருவான்? பஸ்களில் தொலைந்த பொருட்களைக் காக்கும் அந்த அறையின் பொறுப்பாளரான பெண் தாளை நாலாக மடித்து, ஆடிக்கொண்டிருந்த மேசைக்காலுக்கு அடியில் செருகினாள். ஆட்டம் நின்றது. அந்த மட்டில் அதற்கும் ஒரு பயன்.

டிப்போ முழுக்க அவளுக்குக் குடையம்மா என்று பெயர். வருகிற பொருளில் பாதி குடைதானே. எதிர் நாற்காலி எட்டு மாதமாகக் காலி. இருபத்திரண்டு வருஷம் அதில் உட்கார்ந்திருந்தவரை அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். கூடப் பிறக்கவில்லை, அவ்வளவுதான் குறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டார்.

என்ன நாட்கள் அவை! மழை வந்தால் அறை முழுக்கக் குடைகள், நடுவில் இருவரும் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய சீட்டை நூலால் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பு. வேலைக்கு வந்த புதிதில், தொலைத்த பெட்டியைத் தேடி வந்த ஒருவனிடம் அவள், "நீலப் பெட்டியா?" என்று கேட்டுத் தொலைத்தாள். அவனும் ஆமாம் என்று அடுத்தவர் பெட்டியோடு நடையைக் கட்டினான்.

"விடையை நீயே ஊட்டிவிட்டா அவன் முழுங்காம என்ன பண்ணுவான் தங்கச்சி? என்ன பெட்டின்னு கேளு. அடையாளத்தை அவன் சொல்லட்டும்" என்றார் அண்ணன். ஒரு மாதம் கிண்டல் செய்தார். அந்தக் கிண்டலுக்கு இப்போது ஏங்கினாள்.

அவர்கள் இருவரையும் வேலைக்கு எடுத்த அதிகாரி கேட்டது ஒரே கேள்விதான். இன்றைக்கும் அதையே கேட்பதென்று முடிவு செய்தாள்.

அண்ணன் இடத்துக்கு வேலை கேட்டு வந்தவர்கள் மூன்று பேர். மூன்றாவது, அண்ணனின் மகள். கூட உட்கார்ந்த தலைமை அலுவலக அதிகாரியிடம் குடையம்மா அதை முன்பே சொல்லிவிட்டாள்.

"நீங்க கேளுங்க, மார்க் நான் போடறேன். நீங்க அந்தப் பக்கம் சாயறது தெரிஞ்சா அந்தப் பொண்ணுக்கு முட்டைதான்" என்றார் அவர்.

நியாயம்தான். ஆனாலும் அந்த நாற்காலியில் வேறு யாரோ உட்காருவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"கடைசியா எதைத் தொலைச்சீங்க?"

"எதையுமே தொலைச்சதில்ல மேடம்" என்று முதல் ஆள் பெருமையாகச் சொன்னான். போகும்போது சான்றிதழ்க் கவரை நாற்காலியிலேயே விட்டுப் போனான். "நேரத்தை மேடம்" என்றாள் இரண்டாமவள், எங்கோ மனப்பாடம் செய்ததை.

மகள் வந்தாள். பள்ளி விடுமுறைகளில் இங்கே தரையில் உட்கார்ந்து சீட்டுக் கட்டியவள்.

"அப்பாவோட குடை மேடம். அவர் போன மறுவாரம் பஸ்ல விட்டுட்டேன்."

"இங்க வந்து கேட்டிருக்கலாமே?"

"காலி நாற்காலியைப் பாக்க தைரியம் வரல."

குடையம்மா அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரம் வந்த ஒரு கறுப்புக் குடை அலமாரிக்குப் பின்னால் இருக்கிறது. கைப்பிடியில் சீட்டுக் கட்டும் நூல் சுற்றியிருந்தது. அண்ணனுடையதோ என்று சந்தேகம்தான். டிப்போவில் பாதிப் பேருக்கு அவர் அப்படிச் சுற்றிக் கொடுத்திருக்கிறார். கேட்டு வராத பொருளைக் கொடுக்கக் கூடாது, அதுவும் அவர் சொன்னதே. மூன்று மாதத்தில் ஏலத்துக்குப் போக வேண்டியதை எட்டு மாதமாக ஒளித்து வைத்திருந்தாள்.

"கைப்பிடியில நூல் சுத்தின குடைதானேம்மா?"

வாய் முந்திக்கொண்டுவிட்டது. அதிகாரியின் பேனா நின்றது. பாவி, இத்தனை வருஷம் கழித்து அதே தப்பு! இப்போது ஆமாம் என்றால் அந்தப் பெண்ணின் கதை முடிந்தது.

மகள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

"விடையை நீங்களே சொல்லிட்டீங்க மேடம். நான் ஆமான்னா அது செல்லாது. வேற அடையாளம் சொல்றேன். கட்டற பட்டைக்குப் பக்கத்துல துணி கிழிஞ்சு, உள்பக்கம் சிவப்பு நூல்ல தைச்சிருக்கும். கறுப்பு நூல் தீந்துபோச்சுன்னு நான் தைச்சது. கோணலாத்தான் இருக்கும்."

குடையம்மா எழுந்துபோய் எடுத்து வந்தாள். எட்டு மாதத்தில் அதை ஒருமுறைகூட அவள் விரித்ததில்லை. விரித்தாள். பட்டைக்குப் பக்கத்தில் சிவப்பு நூல், கோணல்மாணலாக.

அதிகாரி மார்க்கைப் போட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பினார். "இவங்களுக்கு முழு மார்க். முட்டை உங்களுக்குத்தான் மேடம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

குடையைப் பெற்றதற்குக் கையெழுத்திட மகள் பதிவேட்டை இழுத்தாள். "கையெழுத்து எங்க போடணும் அத்தை?"

"நின்னுகிட்டு போடாதே. அங்க உக்காந்து போடு" என்று எதிர் நாற்காலியைக் காட்டினாள் குடையம்மா.