பதில் தட்டு

இந்தக் காலத்து ஜனங்களுக்குக் கேள்வி கேட்கத்தான் வரும், பதிலுக்கு நிற்க வராது. "நல்லா இருக்கீங்களா அங்கிள்" என்று கேட்டவன், வாயைத் திறப்பதற்குள் தெருமுனையில் இருப்பான். பெல் அடித்தவன் பார்சலை வாசலில் எறிந்துவிட்டு வண்டியைக் கிளப்பியிருப்பான். சில்வெஸ்டர் இவர்களில் ஒருத்தரையும் நம்புவதில்லை.

ஜோகுபாளையத்தில் அவர் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேக்டரி. வருஷத்துக்கு ஒரு தரம் பராமரிப்புக்காக எல்லாவற்றையும் நிறுத்துவார்கள். மற்ற நாளெல்லாம் எலும்புவரை இறங்கும் இரைச்சல் அப்போது அடங்கும். சந்துக்காரர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். சில்வெஸ்டர் மட்டும் சுவரோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார்.

அவருடைய தம்பி ரெமிஜியஸ் அங்கே பாய்லர் ஃபிட்டர். பல வருஷங்களுக்கு முன்னால் இப்படி ஒரு ஷட்டவுனுக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. கேட்டைத் தாண்டிப் போய்விட்டான் என்றது கம்பெனி. எவளோடோ கோலாருக்கு ஓடிவிட்டான் என்றாள் அவன் பெண்டாட்டி ஐரின். இரண்டையும் சில்வெஸ்டர் நம்பவில்லை. தம்பி எப்போதோ சொன்னதுதான் காதில் கிடந்தது. "பாய்லர மூடறதுக்கு முன்னாடி ஸ்பானரால மூணு தட்டு தட்டுவோம்ணே. உள்ள ஆள் இருந்தா திருப்பித் தட்டுவான்."

இந்த வருஷம் மத்தியானத்தில் அந்த மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து, மெதுவாக, இன்னும் மூன்று.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கேட்டுக்குப் போனார். "உள்ள ஆள் இருக்கான். மூடாதீங்க."

"உள்ள இறங்கினவங்க எல்லாம் வெளிய வந்து கேன்டீன்ல இருக்காங்க தாத்தா. உங்களுக்கும் ஒரு டீ சொல்லவா?" என்று வாட்ச்மேன் சிரித்தான்.

பாதுகாப்பு அதிகாரி நிருபமா சிரிக்கவில்லை. அவர் தலையில் ஒரு ஹெல்மெட்டை வைத்து உள்ளே அழைத்துப்போனாள். பாய்லரின் மூடியைக் கழற்றச் சொன்னாள். சில்வெஸ்டர் டார்ச்சோடு தலையை நுழைத்தார். இரும்பு வாசம். வரிசையாகக் குழாய்கள். வேறொன்றும் இல்லை.

"டேய் ரெமி."

அவர் குரலே சுற்றிவந்து அவர் முகத்தில் இடித்தது.

"எதிரொலி தாத்தா. நீங்க வீட்லேர்ந்து கேட்டதும் அதுதான்."

"எதிரொலி மூச்சு வாங்கிட்டா வரும்? நான் கேட்டது யோசிச்சு யோசிச்சு வந்துச்சும்மா."

"ஸ்வல்ப இருங்க, கொஞ்சம் பொறுங்க" என்றாள் கன்னடம் கலந்து. மூடியைப் பொருத்தச் சொல்லி, ஸ்பானரை வாங்கி அவளே மூன்று தட்டு தட்டினாள். எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். அவள் நின்றாள். இந்தக் காலத்துப் பெண் இவ்வளவு நேரம் நிற்பாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை.

"இப்ப நம்பறீங்களா?"

"இத்தனை பேர் சுத்தி நின்னா அவன் எப்பிடித் தட்டுவான்? கூச்சக்காரன்."

அவள் தலைகுனிந்து, போல்ட்டை முறுக்கச் சொன்னாள்.

சில்வெஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு நடந்தார். முறுக்கும் சத்தம் ஓய்வதற்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும். ஓய்ந்த பிறகு வரும் பதில் தட்டை அவர் ஒருத்தர்தான் கேட்க வேண்டியிருக்கும்.

"பாத்தது கண்ணு. கேட்டது காது. காது என்னத்துக்குப் பொய் சொல்லணும்?" என்று முணுமுணுத்தபடியே போனார்.