கத்திரி வெட்டாத படம்

நூலகத்தின் மாடி அறையில் மாதக் கடைசி ஞாயிறன்று புகைப்படச் சங்கம் கூடும். படங்களைச் சுவரில் குத்தி வைப்பார்கள். எடுத்தவர் பெயர் எங்கும் இருக்காது. எல்லோரும் பேசி, கை தூக்கி வாக்களித்து முடிக்கும்வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. சங்கத்துக்கு இருந்த ஒரே சட்டம் இதுதான்.

செயலாளருக்குக் ‘கத்திரி’ என்று பெயர் விழுந்து பல வருடங்கள் ஆகின்றன. ‘ட’ போல வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைப் படத்தின் மேல் வைத்து நகர்த்திக்கொண்டே, “இந்த மரத்த வெட்டுங்க, இந்த ஆள வெட்டுங்க” என்பார். ஒரு கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையையே வெட்டச் சொன்ன புண்ணியவான்.

அவர் மனைவி தையல்காரி. ஐந்து மாதமாகச் சங்கத்தின் பயிற்சி வகுப்புக்கு வருகிறாள். வகுப்பில் எதை எடுத்துக் காட்டினாலும், “கத்திரி வீட்டம்மா எடுத்தா கேக்கணுமா?” என்பார்கள். வீட்டிலோ அவர் தலையைத் தூக்காமலே, “நல்லாத்தான் இருக்கு” என்பார். தன் படம் உண்மையிலேயே தேறுமா என்று சொல்ல ஒரு ஜீவன் இல்லை. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

சங்கம் நடத்தப்போகும் கண்காட்சியின் சுவரில் ஒரே ஒரு இடம் பாக்கி. அதற்காக அன்று ஆறு படங்கள் தொங்கின. ஐந்தாவது அவளுடையது. ஜன்னல் வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவரின் பின்தலை, இரண்டு காதுகள், வெள்ளைச் சட்டையின் காலர். உச்சியில் வட்டமாக வழுக்கை.

அது யார் தலை என்பது அறைக்கே தெரிந்துவிட்டது, அந்தத் தலைக்குச் சொந்தக்காரரைத் தவிர. தன் பிடரியை யார் பார்த்திருக்கிறார்கள்? சங்கத்தின் குறும்புக்காரரான பஸ் டிரைவரின் வேலையாக இருக்கும் என்று எல்லோரும் அந்த டிரைவரைப் பார்த்தார்கள். இன்னொரு உறுப்பினரான பல் டாக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கத்திரி அட்டைகளை வைத்தார். இடமிருந்து நகர்த்தினார், மேலிருந்து இறக்கினார். தையல்காரியின் கண் அட்டைகளோடு கூடவே நகர்ந்தது. கடைசியில் அவர் அட்டைகளைக் கீழே வைத்துவிட்டார்.

“இதுல வெட்ட ஒண்ணுமில்ல.”

அந்த அறையில் அவர் இப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

“எடுத்தவங்க அவசரப்படல. இந்த மனுசன் மேல அவங்களுக்குக் கோவமும் இருக்கு, பிரியமும் இருக்கு. வழுக்கையக்கூட ஆசையா எடுத்திருக்காங்க. குடுத்து வச்ச ஆளு.”

முதல் கை அவருடையது. பிறகு மற்றவர்கள் தூக்கினார்கள்.

“எடுத்தது யாரு?”

“நான்தான்” என்றாள் அவள்.

“நீயா? எப்ப?”

“போன வகுப்புல. நீங்க அட்டையோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க. அரை மணி நேரம் பின்னாடியே நின்னேன். ஒரு தடவகூடத் திரும்பல.”

அவர் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். கை தானாக உச்சந்தலைக்குப் போயிற்று.

“இவ்வளவு பெருசாவா ஆயிடுச்சு?”

அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒரேயடியாக வெடித்தது. பல் டாக்டர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். அவளும் சிரித்தாள். அவ்வளவு நிம்மதியாக அவள் சிரித்து நாளாகிவிட்டது.

அடங்கியதும் அவர் பேனாவையும் பெயர்ச்சீட்டையும் எடுத்தார். சீட்டு எழுதுவது செயலாளர் வேலை.

“எப்படிப் போடட்டும்?”

“என் பேரு மட்டும் போதும்.”

அவர் அதை மட்டும் பெரிய எழுத்தில் நிதானமாக எழுதினார். முன்னாலோ பின்னாலோ தன் பெயரை ஒட்டவில்லை.

“படத்துக்குத் தலைப்பு?”

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

“‘என் வீட்டுக்காரர்’னு எழுதுங்க.”

எழுதினார். காது இரண்டும் சிவந்திருந்தன.