எந்தப் பக்கம் சுற்றும்?

என் காலேஜ் பேராசிரியர் வீட்டு ஃபேன் நின்றுவிட்டதாக அப்பாவின் ரிப்பேர் கடைக்கு ஃபோன் வந்தது. யார் என்று தெரிந்ததும் நானே போகிறேன் என்றேன்.

கடைசி வருஷ எலக்ட்ரிகல் வைவாவில் அந்த ஆள் என்னைக் கேட்டார்: "ஃபேனைக் கிளப்பிவிடுற கண்டன்சர் செத்துப்போச்சு. ஸ்விட்ச் போட்டா எந்தப் பக்கம் சுத்தும்?"

"உறுமிக்கிட்டு நிக்கும் சார். தள்ளிவிட்டா தள்ளுற பக்கம் சுத்தும்."

எட்டு வயதிலிருந்து கடையில் பார்த்தது. "ஃபேன் என்ன தள்ளுவண்டியாம்மா?" என்றார். கூட நின்ற ஏழு பேரும் சிரித்தார்கள். ஃபெயில். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம், முதல் ஆபீஸ் வேலை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அரியர் இருந்தால் எடுக்க மாட்டோம் என்றது வேலை தருவதாகச் சொல்லியிருந்த கம்பெனி. அரியரை அடுத்த முறை முடித்தேன். வேலை திரும்பி வரவில்லை.

கதவைத் திறந்தவர் என்னை உற்றுப் பார்த்தார். "நீ நம்ம ஸ்டூடன்ட்தானே? இப்ப என்ன பண்றே?"

"ஃபேன் பாக்குறேன் சார்."

ஹாலில் அவர் மனைவி செய்தித்தாளால் விசிறிக்கொண்டிருந்தார். டெஸ்டரை வைத்தேன், கரண்ட் வந்தது. ரெகுலேட்டரில் குறையில்லை. ஸ்விட்சை அணைத்துவிட்டு ஸ்டூலில் ஏறி இறக்கையைச் சுண்டினேன். வழுக்கிக்கொண்டு சுற்றியது, ஆக பேரிங்கும் சரி. ஸ்விட்ச் போட்டால் மட்டும் உறுமல். கண்டன்சர்தான். புதியது என் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

"ஒட்டடைக்கம்பு இருக்காம்மா?"

மனைவி கொண்டுவந்தார். வாங்கி பேராசிரியரிடம் நீட்டினேன். "தள்ளுங்க சார். இடது பக்கமா."

தள்ளினார். ஃபேன் வேகம் பிடித்தது.

"இப்ப அணைச்சு, நின்னதும் திரும்பப் போட்டு வலது பக்கமா."

அதுவும் சுற்றியது. மனைவி அண்ணாந்து பார்த்தார். "நல்லாத்தானே சுத்துது? ஏன் காத்தே வரல?"

"தப்புப் பக்கம் சுத்துதும்மா. ஏன் சார் அப்படி?"

"தள்ளுற பக்கம் சுத்தும்," என்றார் தரையைப் பார்த்து.

"அதைச் சொன்னதுக்குத்தாம்மா சார் என்னை ஃபெயில் போட்டாரு."

"நிஜமாவா? தெரியாமப் போட்டீங்களா?" என்றார் மனைவி.

பேராசிரியர் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். "தெரியும். அன்னைக்கே தெரியும். புக்குல வேற மாதிரி இருக்கும்னு நெனச்சு வாயை விட்டுட்டேன். உடனே இவ சொன்னது சரின்னு உறைச்சுது, அதுக்குள்ள எல்லாரும் சிரிச்சுட்டாங்க. அப்புறம் மாத்திப் பேசினா எனக்கு என்ன மரியாதை இருக்கும்?"

இரண்டு வருஷமாக, பாவம், தெரியாத மனுஷன் என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். தெரியாமல் செய்த தப்பை ஒப்புக்கொண்டால் கண்டன்சரை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றுகூட வந்திருந்தேன். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

"எல்லாம் தெரிஞ்ச ஆளு. நீங்களே மாட்டிக்குங்க சார்." மனைவியிடம் திரும்பினேன். "உங்களுக்குத்தாம்மா கஷ்டம். நீங்க சொன்னா மாட்டித் தர்றேன்."

அந்தம்மா கணவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ போம்மா," என்றார். "எனக்கு உள்ள டேபிள் ஃபேன் இருக்கு. இவருக்கு வேர்க்கட்டும்."