பதினாறுக்கு மேல் ஆண், ஒன்று

நாடு என்று ஒன்று உண்டாகி, அதற்கு ஒரு ஜனாதிபதியும் வந்தாயிற்று. இப்போது அந்த நாட்டில் எத்தனை தலை இருக்கிறது என்று எண்ண வேண்டுமாம். எங்கள் கனெக்டிகட் ஆற்றோரத்தில் அந்த வேலை எனோக் ட்ராஸ்க் தலையில் வந்து விழுந்தது. பாவம், செருப்புத் தைத்துக்கொண்டு நிம்மதியாக இருந்த மனுஷன். வீட்டுக்கு வீடு நாயைச் சமாளித்து, கொடுத்த ஆப்பிள் சாராயத்தைக் குடித்து, உள்ளே இத்தனை பேர் என்று எழுதி முடிப்பதற்குள் அவனுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

கெசையா பிஸ்ஸலின் வீடு ஊருக்குக் கடைசி. அதற்கப்பால் சதுப்புதான். புருஷன் போய் இருபது வருஷம். ஒரே மகன் ஆசகேல் சுதந்திர யுத்தத்தின்போது பத்தொன்பது வயதில் கப்பலேறினான். நியூயார்க் துறைமுகத்தில் இங்கிலீஷ்காரர்கள் அவனைச் சிறைக்கப்பலில் அடைத்துவிட்டதாக ஒரு சேதி வந்தது. அதற்குப் பிறகு பத்து வருஷமாக ஒன்றுமில்லை. ஊர் அவனுக்காக எப்போதோ அழுது முடித்துவிட்டது. கெசையா மட்டும் அழவில்லை. தினமும் மேஜையில் இரண்டு தட்டு வைப்பாள், ஒன்றில் சாப்பிடுவாள், இரண்டையும் கழுவுவாள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அந்த இரண்டாவது தட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு வருவதையே விட்டுவிட்டார்கள். வாரத்தில் ஆறு நாள் அவள் வாய் திறந்து பேசுவது பசுவிடம்தான்.

"குடும்பத் தலைவர் நீங்கதான் பெரியம்மா. பெண் ஒண்ணு. அவ்வளவுதானே?" என்று எனோக் இறகுப் பேனாவை மையில் தோய்த்தான்.

"ரெண்டு பேரு."

"யாரு இன்னொருத்தர்?"

"தெரியாத மாதிரி கேக்கறதைப் பாரு. உன்கூட ஆத்துல குதிச்சுக் கும்மாளம் போட்டவன்தானே? ஆசகேல்."

எனோக்குக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியம்மா, இது சர்க்கார் வேலை. பைபிள்மேல கை வச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"அப்ப சட்டத்தைச் சரியாச் சொல்லு. வெளியூர் போயிருக்கிற ஆளை எந்த வீட்டுல எழுதணும்?"

"அவன் வழக்கமா இருக்கிற வீட்டுல."

"அவனுக்கு வேற வீடு இருக்கா?"

"இல்ல. ஆனா வெளியூர்னா ஒரு மாசம், ரெண்டு மாசம். பத்து வருஷமா..."

"போயிருக்கான். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அதுக்கு மேல தெரிஞ்சவங்க யாராவது இருந்தா வந்து என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்."

சொல்ல யாருக்குத் தைரியம் இருந்தது? எனோக்குக்கும் இல்லை.

"இந்த நாட்டுக்காகத்தானேடா கப்பலேறினான்? இப்ப நாடு எல்லார் தலையையும் எண்ணுதாம், அவன் தலை மட்டும் வேண்டாமாம். நல்லா இருக்குடா உங்க நியாயம்!"

கதவோரத்து முளையில் ஆசகேலின் கம்பளிக் கோட்டு தொங்கியது. பொட்டுத் தூசி கிடையாது. எனோக் அதைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான், எழுதினான். பதினாறு வயதுக்கு மேல் ஆண், ஒன்று. படிக்கத் தெரியாத கெசையா அதை மூன்று தடவை அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பூசணிப் பணியாரம் ஒன்றை முழுசாகத் துணியில் கட்டிக் கொடுத்தனுப்பினாள். அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

எழுதிய பட்டியலை எல்லோரும் பார்க்கிற இடத்தில் ஒட்ட வேண்டும், தப்பு இருந்தால் ஜனங்கள் சொல்லலாம் என்பது சட்டம். எனோக் மதுவிடுதிக் கதவில் ஆணியடித்து மாட்டினான். படிக்கிறவன் கண்ணுக்கு எண் மட்டும்தான் தெரியும், கெசையாவின் வாதம் தெரியாது என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கெசையா வெண்ணெய் கடைந்துகொண்டிருந்தாள். தலையில் தொப்பிகூட இல்லாமல், கையெல்லாம் மாவோடு ஒருத்தி ஓடிவந்து வாசலில் நின்றாள். லோயிஸ். ஆசகேலுக்குப் பேசி வைத்திருந்த பெண். இப்போது பீப்பாய் செய்கிறவனின் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். கல்யாணமான பிறகு இந்தப் பக்கமே வராதவள்.

"அத்தை, எப்ப வந்தாரு?"

அத்தை. அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை வருஷம்!

"யாரைச் சொல்றே?"

"மறைக்காதீங்க அத்தை. விடுதிக் கதவுல போட்டிருக்கு, உங்க வீட்டுல ஆண் ஒண்ணுன்னு. எங்க வீட்டுக்காரர்தான் படிச்சுட்டு வந்து சொன்னாரு. சொல்லும்போதே அவர் முகம் வெளிறிப்போச்சு. நாலு வருஷம் காத்திருந்தேன் அத்தை. அதுக்கு மேல எங்கப்பா விடல. இதை நானே அவருகிட்ட சொல்லிடணும், வேற யாரும் சொல்லிடக் கூடாது. எங்க அவரு, கொல்லையிலயா?"

அவள் கண் கெசையாவைத் தாண்டி உள்ளே போனது. இரண்டு தட்டு. முளையில் கோட்டு. லோயிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள்.

'போயிருக்கான்' என்று சொல்லிவிடலாம். பத்து வருஷமாக நாக்கு நுனியிலேயே இருக்கிற வார்த்தை. சொன்னால் இவள் திரும்பிப் போவாள், நாளையிலிருந்து பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும்போதும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டு வாழ்வது என்னவென்று கெசையாவுக்குத் தெரியாதா? தன் ஒருத்தியோடு போகவேண்டிய பாவத்தை இவள் தலையிலும் கட்டிவிட்டோமே என்று அவளுக்கு நெஞ்சு பதறியது.

"அவன் வரல லோயிஸ்."

"பின்னே எப்ப வருவாரு?"

"வரமாட்டான்ம்மா. செத்துட்டான். அந்தக் கப்பல்லயே செத்துட்டான். எனக்கு எப்பவோ தெரியும்."

லோயிஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கெசையா வெண்ணெய் ஒட்டிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். கொஞ்ச நேரத்தில் லோயிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கைப்பிள்ளை தனியாக இருக்கிறது.

"அப்புறமா வரேன் அத்தை."

வரமாட்டாள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கெசையா தொப்பியை மாட்டிக்கொண்டு விடுதிக்கு நடந்தாள். எனோக் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தான்.

"எனோக், தப்பு இருந்தா சொல்லணுமாமே. ஒண்ணு இருக்கு. என் வரியில அந்த 'ஆண் ஒண்ணு'ங்கிறதைக் கோடு போட்டு அடி."

"இருந்துட்டுப் போகட்டும் பெரியம்மா. யாரு கேக்கப் போறா?"

"அடிடான்னா!"

அவன் அடித்தான். கோடு கோணலாகப் போனது.

"இப்ப என் வரியைப் படி."

"கெசையா பிஸ்ஸல். பெண், ஒன்று."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் பெரியம்மா."

கூட வருகிறேன் என்றவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்தபோது கறக்கும் நேரம் தாண்டி, பசு கத்திக்கொண்டிருந்தது. முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அதன் விலாவில் நெற்றியை வைத்தாள். வாளியில் பால் விழவில்லை. பத்து வருஷமாக அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் வந்தது. வாய்விட்டு, மகன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். கேட்க அங்கே யாரும் இல்லை.