பட்டினி கிடந்த வழக்கு

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று உலகம்மாளுக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. வீட்டில் வழக்கு வளர்ப்பவர்கள் எல்லாரும் சனிக்கிழமை தென்காசி கல்யாண மண்டபத்துக்கு அவரவர் வழக்கை ஓட்டிக்கொண்டு வரவேண்டும், அது இதுவரை என்னென்ன தின்றது என்று வாயால் சொல்லவேண்டும், வெளிநாட்டு வழக்குகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறார்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிப் போனார்கள். உலகம்மாள் ஏழாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஒன்றை விட்டு ஒன்றைச் சொன்னால் நாட்டுக்கே கெட்ட பெயர் வந்துவிடாதா?

அவள் வீட்டு வழக்கு மாமனார் காலத்தது. பக்கத்து வீட்டுக்கும் இவர்கள் வீட்டுக்கும் நடுவே, ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற முடுக்கு யாருக்குச் சொந்தம் என்று போட்டது. கோர்ட்டிலிருந்து மாமனார் அதை மஞ்சப்பையில் வைத்துத்தான் கொண்டுவந்தாராம். இப்போது பின்னறை முழுக்க அடைத்துக்கொண்டு படுத்திருக்கிறது. மூச்சு விட்டால் பசை வாடை அடிக்கும். மற்றபடி சாது.

உலகம்மாளின் கவலையெல்லாம் அந்த அறைதான். மகள் இந்துஜா தலைப்பிரசவத்துக்கு ஆவணியில் வருகிறாள். "வழக்கு கிடக்க இடத்துல பிள்ளைய எங்க கிடத்துவீக? நாங்க இங்கயே பாத்துக்கிடுதோம்" என்று சம்பந்தியம்மா போனில் சொல்லிவிட்டாள். தாய்வீடு இருக்கும்போது மாமியார் வீட்டில் பிள்ளை பெறுவதா?

மண்டபத்தில் நிற்க இடமில்லை. இங்கிலாந்து வழக்கு மணமக்கள் சோபாவில் உட்கார்ந்திருந்தது. ஒரு மாடிவீட்டைத் தோட்டத்தோடு தின்றிருந்ததாம். அங்கே தோற்றவர்தான் ஜெயித்தவர் போட்ட தீனிக்கும் பொறுப்பு. எப்படியும் அடுத்தவன் தலையில் விழும் என்று இரண்டு பேரும் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறார்கள். அமெரிக்க வழக்கை வக்கீலே கயிற்றில் பிடித்திருந்தார். தீனி முழுக்க அவர் பொறுப்பு. ஜெயித்தால் ஒரு தொடை அவருக்கு. அதனால் அடிக்கடி தொடையை அமுக்கிப் பார்த்துக்கொண்டார். ஜெர்மனியிலிருந்து வந்த ஹெல்கா என்ற அம்மாள் தன் வழக்கை ஒரு கூடையில் வைத்திருந்தாள்.

உலகம்மாள் முறை வந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள். "கிணத்து உருளை. ரெண்டு தென்னை. மாமாவோட காசி யாத்திரை. எங்க வீட்டுக்காரங்க மத்தியானத் தூக்கம். என் ரெட்டவடச் சங்கிலி. பெறகு ஒரு தீபாவளி."

பின்வரிசையிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு, வழக்கின் முகத்தைப் பார்த்து, "வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம நான் சுவருக்கு மேல நீட்டுன அவியலு கணக்குல வராதாக்கும்" என்றாள். எதிர்த்தரப்பு தீனி அனுப்பாவிட்டால் தோற்கப் பயப்படுகிறார்கள் என்று ஊர் பேசும். அதையும் எழுதிக்கொண்டார்கள்.

ஒப்பிட வந்த அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஒருநாள் தீனியை வைத்துப் பார்த்தால் உலகத்திலேயே சல்லிசான வழக்கு இதுதான் என்றார். மண்டபமே கைதட்டியது. சண்முகவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மொத்தமாப் பாத்தா, சார்?" என்றாள் உலகம்மாள்.

"முடிஞ்சாத்தானேம்மா மொத்தம்."

டீ கொடுத்தபோது ஹெல்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் ஜெர்மன் பேசினாள், உலகம்மாளுக்கு விளங்கியது. வழக்குக்காரர்கள் பேச்சு எங்கேயும் விளங்கும்.

"ஏம்மா இது எலும்பும் தோலுமா கிடக்கு?" என்று உலகம்மாள் கூடையைக் காட்டிக் கேட்டாள்.

"எங்க ஊர்ல அளந்துதான் போடணும். பசியோட போய் நின்னா ஜட்ஜ் சீக்கிரம் முடிச்சு அனுப்பிடுவார். நீங்க எப்படி?"

"வாய்தாவுக்குப் போகும்போது நாங்க வயிறு முட்டப் போட்டுத்தான் கூட்டிட்டுப் போவோம். நாலு பேரு முன்னால பசிக்குன்னு அழுதா நமக்குல்லா அசிங்கம்."

"ஜட்ஜ் என்ன சொல்வார்?"

"நல்லாத்தான இருக்கு, அடுத்த வாய்தாவுக்குக் கொண்டாங்கம்பாரு."

ஹெல்கா பிஸ்கட்டை டீயில் நனைத்தாள்.

அன்று சாயங்காலமே உலகம்மாள் தீனியை நிறுத்தினாள். மிச்சம் இருந்தது சண்முகவடிவு தரும் அவியல். எதிர்த்தரப்போடு பேசக்கூடாது என்பதால் பின்னறை ஜன்னலைத் திறந்துவைத்து வழக்கிடம் சொன்னாள். "ஏ வழக்கே, இனிமே வெள்ளிக்கிழமயும் ஒண்ணும் வராது. எம்மவளுக்கு ரூம்பு வேணும்."

முடுக்குக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஏ வழக்கே, ஒன்னயப் பட்டினி போட்டா ஊரு என்ன சொல்லும்னு கேளு."

"மாமியா வீட்டுல போய் தலைப்பிள்ள பெத்தா ஊரு என்ன சொல்லும்னு நீ கேளு."

"இந்துஜா எங்க வீட்டுலயும் தவழ்ந்த பிள்ளதான். நிறுத்துதேன்னு சொல்லு. ஆனா முடுக்கு எங்களுதுதான், அதையும் சொல்லிரு."

வழக்கு இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்து எச்சில் விழுங்கியது.

ஆடி மாச வாய்தாவுக்குள் அது பாதியாக இளைத்துவிட்டது. கோர்ட்டுக்குக் கிளம்பி வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டதைத் தின்றது. அது முடுக்கு. ஒரு முனையில் வாய் வைத்து மறு முனை வரை போனது. இரண்டு வீட்டுச் சுவரும் ஒட்டிக்கொண்டன.

ஜட்ஜ் அதன் விலா எலும்பைப் பார்த்தார். "சொத்து எங்கம்மா?"

"வழக்கே தின்னுட்டு, ஐயா."

"அப்ப முடிஞ்சது" என்றார்.

வழக்கு படியிறங்கி, குற்றாலம் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போய்விட்டது. சாரல் நேரம்.

ஆவணியில் அந்தப் பின்னறையில் இந்துஜாவுக்குப் பெண் பிள்ளை பிறந்தது. பார்க்க வந்த உலகம்மாளின் கொழுந்தன், பிள்ளையை ஒரு பார்வையும் நான்கு சுவரையும் நிதானமாகப் பல பார்வையும் பார்த்தான்.

"வழக்கு ஒண்ணும் இல்லாம வீடே வெறிச்சுன்னு கிடக்கே, மைனி."

"நல்லாத்தான இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. நல்ல இடம்" என்றான்.

மாமனார் வீடு, கொழுந்தனுக்கும் அதில் பங்கு உண்டு. உலகம்மாளுக்கு மறுபடி சோறு இறங்கவில்லை. ஒரு வீட்டில் ஒரு நேரத்தில் ஒரு வழக்குதான் இருக்கலாம் என்பது விதி. திங்கட்கிழமை கோர்ட்டு திறக்கும் முன்னே போய் நின்று, வீட்டு அம்மி யாருக்குப் பாத்தியதை என்று கேட்டுத் தன் மேலேயே ஒரு வழக்குப் போட்டாள்.

"நான் யாருக்கு ஆஜராகட்டும், அக்கா?" என்றார் வக்கீல்.

"எனக்குத்தான். எதிர்த்தரப்பு வேற வக்கீலப் பாத்துக்கிடட்டும்."

சின்ன வழக்குதான். ஃபிரிட்ஜ் மேல் சுருண்டு படுத்துக்கொள்கிறது, பிள்ளை தூங்கும்போது சத்தம் போடுவதில்லை. கொழுந்தன் அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை. உலகம்மாள் இப்போதெல்லாம் கண்ணாடி பார்க்காமல்தான் தலை சீவிப் பொட்டு வைத்துக்கொள்கிறாள். கேஸ் நடந்துகொண்டிருக்கும்போது எதிர்த்தரப்பின் முகத்தில் விழிக்கக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.